ஏ.ஆர். காப்பி போகும் வழி

பைக்கில் அடிபட்டு அரசு மருத்துவமனைக்குப் போன எவருக்கும் அந்தத் தாள் தெரியும். முழுப்பெயர் விபத்துப் பதிவேட்டு நகல். அப்படி யாரும் சொல்வதில்லை. "ஏ.ஆர். போட்டாச்சா?" என்பார் டூட்டி டாக்டர். "ஏ.ஆர். காப்பி இருக்கா?" என்பார் ஸ்டேஷன் ரைட்டர். இழப்பீட்டு வழக்குப் போடப்போகும் வக்கீலும் முதலில் கேட்பது அதைத்தான். அவசரத்தில் கிறுக்கிய ஒரு பக்கம்; அடிபட்டவரைவிட அது அதிக வாசற்படி ஏறும்.

திருப்பருத்திக்குன்றத்திலிருந்து ஒரு தாளைப் பின்தொடர்வோம். வெளியூர்க்காரர்களுக்கு அது ஜினகாஞ்சி: வர்த்தமானர் கோயில், விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387இல் எழுப்பிய சங்கீத மண்டபம், அதன் விதானத்து ஓவியங்கள். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு அது வேகவதிக் கரையில் உள்ள பக்கத்து ஊர். அங்கிருந்து ஒரு பட்டு நெசவாளி டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பாவை வைத்துக்கொண்டு டவுனுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், யாராகவும் இருக்கலாம். சந்திலிருந்து திரும்பிய வேன் ஒன்று தட்டிவிட்டு நிற்காமல் போகிறது. ஹெல்மெட்டை வாரோடு மாட்டியிருந்ததால் தலை தப்பியது. விழுகிற எவரும் கையைத்தான் ஊன்றுவார்கள். அவரும் வலது உள்ளங்கையை ஊன்றிவிட்டார்.

அவசரப் பிரிவில் நினைவு, மூச்சு, ரத்த அழுத்தம் பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். நடந்து வந்தவருக்குப் பச்சை. அந்த இடத்தில் அது சரியான முறைதான். பக்கத்துப் படுக்கையில் மண்டை உடைந்து கிடப்பவரை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பார்க்க முடியாது. பிறகு தாள் பிறக்கிறது. பெயர், வயது, உடம்பிலுள்ள இரண்டு மச்சங்கள், கூட்டிவந்தவர் யார், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில். மது வாடை இருந்ததா என்பதும் உண்டு. இன்சூரன்ஸ் தரப்பு வக்கீலின் கண் நேராக அந்த வரிக்குத்தான் போகும். வேன் மோதியதாகச் சொல்லப்படுகிறது என்று மட்டுமே டாக்டர் எழுதுவார், ஏனென்றால் அவர் பார்த்தது காயத்தை, மோதலை அல்ல. காயத்தின் நீள அகலம் சென்டிமீட்டரில். கடைசியாக அவருடைய கருத்து: சாதாரணக் காயமா, கொடுங்காயமா?

இந்தக் கோட்டைப் போட்டது மருத்துவம் அல்ல, சட்டம். 1837இல் மெக்காலே தலைமையிலான குழு வரைந்து, 1860இல் நிறைவேறிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவு எட்டு வகைக் காயங்களைக் கொடுங்காயம் என்றது. ஆண்மை இழப்பு, ஒரு கண்ணின் பார்வையோ ஒரு காதின் கேள்வியோ நிரந்தரமாகப் போவது, உறுப்போ மூட்டோ போவது, அதன் வலு நிரந்தரமாகக் கெடுவது, தலையோ முகமோ நிரந்தரமாகச் சிதைவது, எலும்போ பல்லோ முறிவது அல்லது பிசகுவது. எட்டாவதுதான் நமக்கு வேண்டியது: உயிருக்கு ஆபத்தான காயம், அல்லது இருபது நாள் கடும் வலியில் கிடத்திய, அல்லது வழக்கமான வேலையைச் செய்யவிடாத காயம். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவில் இருபது நாள் பதினைந்தாகக் குறைந்தது. மற்றபடி பட்டியல் அதேதான். ஆக, பல் உடைந்தால் அன்றே கொடுங்காயம். தறியில் உட்கார முடியாமல் போனால், அது கொடுங்காயம்தான் என்று சொல்லப் பதினைந்து நாள் கழிய வேண்டும். தாளோ முதல் ஒரு மணி நேரத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

கையை ஊன்றி விழுந்தவர்களுக்கு இது வெறும் வாதமல்ல. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் ஸ்கேஃபாய்டு என்று ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. அதில் விழும் கீறல் முதல் நாள் எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியாது. சந்தேகம் இருந்தால் கட்டுப் போட்டு அனுப்பி, பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. கவனிக்காமல் விட்டால் ஒட்டாமலே போகலாம், பிடி தளர்ந்துவிடும். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். நாள் முழுக்க நாடாவைத் தள்ளி ஊடையை அடிக்கும் கைக்குப் பிடி போனால் என்ன மிஞ்சும்? 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தருகிறது. உயிர்களைக் காப்பாற்றும் நல்ல திட்டம். ஆனால் இந்த எலும்பு வாய் திறக்கும்போது அந்த 48 மணி நேரம் போயிருக்கும்.

உலக அளவுகோல்களும் கையைக் கண்டுகொள்வதில்லை. 1969இல் அமெரிக்காவில் கார் விபத்துகளை ஆராய உருவான சுருக்கக் காய அளவுகோல் ஒவ்வொரு காயத்துக்கும் 1 முதல் 6 வரை எண் தருகிறது. அதை வைத்து சூசன் பேக்கரும் கூட்டாளிகளும் 1974இல் ஒரு கணக்குச் செய்தார்கள்: மிக மோசமாக அடிபட்ட மூன்று உடற்பகுதிகளின் எண்களைத் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டு, உச்சம் 75. பிழைப்பாரா என்று முன்கூட்டிச் சொல்ல அருமையான கருவி. பிழைத்தபின் பிழைப்பு நடக்குமா என்பது அதன் கேள்வியே அல்ல. மணிக்கட்டு முறிவுக்கு அங்கே கீழ்ப்படிதான்.

தாள் அடுத்து மருத்துவமனைப் போலீஸ் அவுட்போஸ்ட் வழியாக ஸ்டேஷனுக்குப் போகிறது. கண்மூடித்தனமாக ஓட்டியதற்கு அதே சன்ஹிதாவின் 281, காயத்துக்கு 125(அ) என்று எஃப்.ஐ.ஆர். விழும். பின்னால் கொடுங்காயம் என்று காயச் சான்றிதழ் வந்தால் அது 125(ஆ) ஆகும். ஆறு மாதமாக இருந்த அதிகபட்சச் சிறை மூன்று வருடமாகும். சென்னை ஐஐடியும் தேசியத் தகவலியல் மையமும் சேர்ந்து உருவாக்கிய விபத்துத் தரவுத்தளத்திலும் இதே பிரிவினைதான் ஏறுகிறது: மரணம், கொடுங்காயம், சிறுகாயம்.

பிறகு பணம். மோதிவிட்டு ஓடிய வண்டி கடைசிவரை அகப்படாவிட்டால், 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள திட்டப்படி உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. சிறுகாயத்துக்கு ஒன்றும் இல்லை. நம் நெசவாளி முதல் எக்ஸ்ரேயோடு வீட்டுக்குப் போய், வலி தாங்காமல் நாட்டு எலும்பு வைத்தியமான புத்தூர் கட்டுக்கு ரயிலேறினால் கை ஒருவேளை சரியாகலாம். தாள் மட்டும் 'சாதாரணக் காயம்' என்றே நிற்கும். சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு மெடிக்கல் லீவும் கிடையாது.

வண்டி அகப்பட்டால் தாள் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வரை போகும். அங்கேதான் முதன்முறையாக யாரோ ஒருவர் "என்ன தொழில்?" என்று உருப்படியாகக் கேட்கிறார். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: ஒரு கை போனால் ஊனம் 60 சதவீதம் என்று டாக்டர் கணக்கிடலாம், அவர் டிரைவரோ தச்சரோ என்றால் வருமான இழப்பு ஏறக்குறைய நூறு சதவீதம், அரசு எழுத்தர் என்றால் வேலையே போகாமலும் இருக்கலாம். நெசவாளியை அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. தச்சர் இருக்கும் இடத்தில் அவரும் இருக்கிறார் என்று வாதாட வக்கீலுக்குத் தடையில்லை. என்னைக் கேட்டால், இந்தக் கேள்வி வழக்கின் கடைசியில் வருவதுதான் கோளாறு. அவசரப் பிரிவு மேசையிலேயே வர வேண்டியது அது.

யாரும் கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லுங்கள். தறி நெய்கிறேன், வலது கையில் பிடி இல்லை என்று டாக்டரிடம் சொல்லிப் பதியச் சொல்லுங்கள். மணிக்கட்டு வலி பத்து நாளில் போகவில்லை என்றால் இரண்டாவது எக்ஸ்ரேக்கு அதே மருத்துவமனைக்குப் போங்கள். அந்த ரிப்போர்ட்டின் நகலை ஸ்டேஷனில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.