பெயரும் பாதையும்: உப்புப் படகு முதல் வி.பி.என். வரை

மரக்காணம் என்றதும் நினைவுக்கு வருவது உப்பளங்கள். ஒரு காலத்தில் இந்தக் கடற்கரை உப்பு, பக்கிங்ஹாம் கால்வாய் வழியே படகில் சென்னைக்குப் போனது. 1876-78 பஞ்சத்தின்போது அடையாறையும் கூவத்தையும் இணைத்து சுமார் 8 கி.மீ. வெட்டிய பிறகுதான் தெற்கும் வடக்கும் ஒரே நீர்வழி ஆயின. படகுக்காரருக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: போக வேண்டிய துறை எது, திறந்திருக்கும் வழி எது. இணையத்தின் கதையும் இதேதான்.

முதலில் பெயர். ஆர்பாநெட் காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. கணினிகள் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983-ல் பால் மோக்கபெட்ரிஸ் டி.என்.எஸ். முறையை வகுத்தார்.

அடுத்தது பாதை. 2008 ஜனவரி 30-ல் எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியா அருகே இரண்டு கடலடிக் கேபிள்கள் அறுந்தன. இந்தியாவின் மேற்குப் போக்குவரத்து திணறியது. ஒரு பகுதி கிழக்கே சுற்றிப் போனது. அதே ஆண்டு பிப்ரவரி 24-ல் பாகிஸ்தான் டெலிகாம் தவறான பாதையை அறிவிக்க, உலகம் முழுவதும் யூடியூப் சுமார் இரண்டு மணி நேரம் தடைப்பட்டது. பெயர் சரியாக இருந்தது, வழிதான் பிசகியது.

வி.பி.என். என்பது பொது இணையத்துக்குள் போடும் தனிச் சுரங்கம். ஊரிலிருந்தே அலுவலக வேலை பார்ப்பவருக்கு அது அடிக்கடி அறுந்தால் அன்றைய கணக்கு முடியாது. அப்போதும் இந்த இரண்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும். சுரங்கம் திறந்ததும் பெயர் கேட்கும் வேலை அலுவலக டி.என்.எஸ்.க்கு மாறலாம். வாசல் சர்வரின் பெயருக்கு அது உள் முகவரியைச் சொன்னால், மறுபடி இணையும்போது கணினி தவறான இடத்தைத் தேடும். இன்னொன்று, 'எல்லாம் சுரங்கம் வழியே' என்ற விதி வாசல் சர்வருக்குப் போகும் பொட்டலங்களையும் உள்ளே இழுத்துவிடுவது. சுரங்கம் தன்னையே சுமக்க முடியாதல்லவா? இணைப்பு அறுந்துவிடும். வாசல் சர்வரின் முகவரிக்கு மட்டும் வெளியே தனிப்பாதை வேண்டும்.

சோதிப்பது எளிது. பெயருக்குப் பதில் எண்ணைக் கொடுத்து இணைக்க வேண்டும். இணைப்பு நிலைத்தால் குறை பெயரில் என்று கொள்ளலாம். அப்போதும் அறுந்தால் அடுத்து ரூட்டிங் அட்டவணையைப் பார்க்க வேண்டும்.

படகு வராவிட்டால் படகுக்காரரைத் திட்டுவதற்கு முன், கால்வாய் தூர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.