மோதல் தாங்கி (அறைகலன்)

மோதல் தாங்கி என்பது அலமாரிக் கதவு, இழுப்பறை, கண்ணாடி மேசைப்பரப்பு போன்றவை வேறொரு கடினமான பரப்பின்மீது மோதும்போதோ அமரும்போதோ ஏற்படும் அதிர்ச்சி, ஓசை, வழுக்கல், தேய்வு ஆகியவற்றைக் குறைக்கும் பொருட்டு இடையில் பொருத்தப்படும் சிறிய நெகிழ்வான துண்டு ஆகும். வன்பொருள் கடைகளிலும் தச்சர்களிடையேயும் இது ரப்பர் புஷ், பம்பர் ஆகிய பெயர்களால் வழங்கப்படுகின்றது. உருவில் சிறியதாயினும், பொருத்தமற்ற தாங்கியால் கண்ணாடி வழுக்கி விழுதல், மெருகுப்பூச்சு கறைபடுதல், கீல்கள் தளர்தல் போன்ற கேடுகள் விளையக்கூடும். தூத்துக்குடி மாவட்டத்தின் பெரியதாழை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று, மணல் ஆகியவற்றின் காரணமாகத் தேர்வில் கூடுதல் கவனம் தேவைப்படுகின்றது.

செயற்படும் விதம்

மோதும் பொருளின் இயக்க ஆற்றலை மோதல் தாங்கி அமுங்குவதன் மூலம் உள்வாங்குகின்றது. அமுங்கும் தொலைவு கூடுமளவிற்கு மோதல் விசை குறைகின்றது. எடுத்துக்காட்டாக, 5 கி.கி. எடையுள்ள அலமாரிக் கதவு ஒன்றின் கைப்பிடி ஓரம் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வந்து மோதுவதாகக் கொண்டால், அக்கதவின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 0.83 ஜூல் ஆகும். இது 2 மி.மீ. தொலைவில் நிறுத்தப்பட்டால் சராசரி விசை ஏறத்தாழ 415 நியூட்டன். மரத்தின்மீது மரம் நேராக மோதி 0.2 மி.மீ. தொலைவில் நின்றால் விசை இதைப்போலப் பத்து மடங்காகும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால், காற்றில் அறைந்து மூடும் கதவுகளுக்கே தாங்கி மிகுதியும் தேவைப்படுகின்றது.

மீன்பிடித் துறைமுகங்களில் படகுகளின் பக்கவாட்டில் தொங்கவிடப்படும் பழைய டயர்களும், தூத்துக்குடி வ. உ. சிதம்பரனார் துறைமுகம் போன்ற பெருந்துறைமுகங்களில் கப்பல் அணையும் தளங்களில் பொருத்தப்படும் ரப்பர் தாங்கிகளும் இதே கோட்பாட்டின்படியே இயங்குகின்றன.

பொருட்கள்

இயற்கை ரப்பர்: நன்கு நெகிழும்; வழுக்காது. சார்லஸ் குட்இயர் 1844ல் காப்புரிமை பெற்ற கந்தக வன்படுத்தல் முறைக்குப் பின்னரே வெப்பத்தில் இளகாத ரப்பர் பரவலாகக் கிடைத்தது. தமிழ்நாட்டில் இயற்கை ரப்பர் பெரும்பாலும் கன்னியாகுமரி மாவட்டத்தில் விளைகின்றது. ஓசோன், சூரிய ஒளி ஆகியவற்றால் வெடிப்பு விடுவதும், வெளிர்நிறப் பூச்சுகளில் கறை படியச் செய்வதும் இதன் குறைகள்.

பாலியூரித்தேன்: தேய்மானத்தைத் தாங்கும், தெளிவான வடிவில் கிடைக்கும். அலமாரிக் கதவுகளுக்கு ஏற்றது. சில வகைகள் வெயில் படும் இடங்களில் மஞ்சள் நிறமடையும்.

சிலிக்கோன்: வெப்பம், ஓசோன், ஈரம் ஆகியவற்றால் எளிதில் பாதிக்கப்படுவதில்லை. எனினும் சாதாரணப் பசைகள் இதன்மீது நன்கு பற்றுவதில்லை. எனவே சிலிக்கோனுக்கென உரிய பசை இடப்பட்டவற்றையே வாங்குதல் வேண்டும்.

பிவிசி: விலை குறைவு. இதை மென்மையாக்கச் சேர்க்கப்படும் வேதிப்பொருள் நாளடைவில் கசிந்து மெருகுப்பூச்சை இளக்கிப் பிசுபிசுப்பாக்கும்.

கம்பளிநார், தக்கை: ஓசையையும் கீறலையும் குறைக்கும். கம்பளிநார் வழுக்கும் தன்மையுடையது, ஈரத்தை உறிஞ்சும், பூச்சி அரிக்கும். கண்ணாடி மேசைக்கு இது ஏற்றதன்று.

கடினத்தன்மை

நெகிழ்பொருட்களின் கடினத்தன்மை ஷோர் ஏ அளவுகோலில் 0 முதல் 100 வரை குறிக்கப்படுகின்றது. ரப்பர் வளையம் ஏறத்தாழ 25 முதல் 30, வாகன டயரின் மேற்பரப்பு ஏறத்தாழ 60 முதல் 70. தாங்கி மிக மென்மையாயின் எடையால் நிலையாகத் தட்டையாகிவிடும். மிகக் கடினமாயின் அதிர்ச்சியை உள்வாங்காது. அளவு அச்சிடப்படாதவற்றை நகத்தால் அழுத்திப் பார்க்கலாம். தடம் உடனே மறைதல் நல்ல மீள்தன்மைக்கு அடையாளம்.

அலமாரிக் கதவுகள்

கதவுக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியே தாங்கியின் தடிமனைத் தீர்மானிக்கின்றது. பிசைந்த மாவின் சிறு உருண்டையைச் சட்டத்தில் வைத்துக் கதவை மூடித் திறந்து, நசுங்கிய மாவின் தடிமனை அளந்தால் இடைவெளி தெரியவரும். பல அலமாரிகளில் இது 1.5 முதல் 2 மி.மீ. வரை இருக்கும். தாங்கி இதனினும் மிகத் தடிமனாயின் கதவு முழுமையாக மூடாது. கீல்களின் திருகுகள் தளரும். காந்தப் பிடிப்பும் பற்றாது.

கீலுக்கு எதிர்ப்புறத்தில், கைப்பிடி ஓரத்தின் மேல், கீழ் மூலைகளில் ஒவ்வொன்று ஒட்டுவது வழக்கம். ஒன்று மட்டும் ஒட்டினால் கதவு நாளடைவில் முறுகக்கூடும். கீலுக்கு அருகில் ஒட்டப்படும் தாங்கி நெம்புகோலின் சுழலிடம்போல் அமைந்து கீலைப் பிடுங்கும்.

கண்ணாடி மேசைப்பரப்புகள்

கண்ணாடியின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2500 கி.கி. ஆகும். ஆகவே 120 செ.மீ. நீளம், 75 செ.மீ. அகலம், 10 மி.மீ. தடிமன் கொண்ட கண்ணாடியின் எடை ஏறத்தாழ 22.5 கி.கி. நான்கு தாங்கிகள் இருப்பின் ஒவ்வொன்றும் 5.6 கி.கி. சுமக்கும். 10 மி.மீ. விட்டமுள்ள கதவுத் தாங்கியில் இது ஒரு சதுர செ.மீ.க்கு 7 கி.கி.க்கு மேற்பட்ட அழுத்தமாகும். 20 மி.மீ. விட்டமாயின் 1.8 கி.கி. மட்டுமே. எனவே கதவுக்கெனத் தயாரிக்கப்பட்ட சிறு தாங்கிகளைக் கண்ணாடிக்குப் பயன்படுத்துதல் தவறு.

தாங்கிகள் கால்களுக்கு நேர்மேலே அமைதல் வேண்டும். ஆணித்தலை, உலோக விளிம்பு, கல் ஆகியவை கண்ணாடியை நேராகத் தொடலாகாது. புள்ளியளவில் குவியும் அழுத்தமே விரிசலுக்குத் தொடக்கமாகின்றது. சட்டம் சமமற்றதாயின் நான்கில் மூன்று தாங்கிகளே எடையைச் சுமக்கும். சற்று மென்மையான தாங்கிகள் இவ்வேறுபாட்டை ஈடுசெய்யும். வன்மையூட்டிய கண்ணாடி உடைந்தால் சிறு துகள்களாகச் சிதறும். சாதாரணக் கண்ணாடி கூரிய பெருந்துண்டுகளாக உடைந்து ஆழமான காயம் ஏற்படுத்தும். பாதுகாப்புக் கண்ணாடிகளுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 2553 ஆகும். வன்மையூட்டிய கண்ணாடிக்கும் விளிம்புகள் வலுக்குறைந்த பகுதிகளே.

கடலோரச் சூழல்

பெரியதாழை மன்னார் வளைகுடாக் கரையில் அமைந்த மீனவர் ஊர் ஆகும். கடற்காற்றில் வரும் உப்பு பரப்புகளில் மெல்லிய படலமாகப் படிகின்றது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடக்கும்போது சோடியம் குளோரைடு நீரை ஈர்த்துக் கரைகின்றது. கடலுப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடோ இதனினும் மிகக் குறைந்த ஈரப்பதத்திலேயே கசிகின்றது. இதனால் வறண்டதாகத் தோன்றும் பரப்பிலும் பசை சரிவரப் பற்றுவதில்லை.

இப்பகுதியின் உட்புறத்தில் தேரி எனப்படும் செம்மணல் மேடுகள் உள்ளன. தேரி மணல் இரும்பு ஆக்சைடு படிந்த குவார்ட்சுத் துகள்களால் ஆனது. மோ அளவுகோலில் குவார்ட்சின் கடினத்தன்மை 7. சாளரக் கண்ணாடியின் கடினத்தன்மை ஏறத்தாழ 5.5. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தாங்கிக்கும் கண்ணாடிக்கும் இடையே புகும் மணல், கண்ணாடி சிறிது நகர்ந்தாலும் கீறலை உண்டாக்கும். அதே காற்று கதவுகளையும் வேகமாக அறைந்து மூடச்செய்யும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மரம் ஈரத்தால் உப்புவதால் கதவின் இடைவெளி குறைகின்றது. ஆகவே இடைவெளியை மழைக்காலத்தில் ஒருமுறை அளந்து பார்த்துத் தாங்கியைத் தேர்ந்தெடுத்தல் நன்று.

ஒட்டும் முறை

1. பரப்பை நன்னீர் நனைத்த துணியால் துடைத்து உப்பை நீக்கி உலரவிடவும். ஆல்ககால் எண்ணெயை நீக்கும். உப்பை நன்கு கரைக்காது.
2. பின்னர் ஐசோபுரொப்பைல் ஆல்ககால் கொண்டு துடைக்கவும். மெருகுப்பூச்சைச் சில ஆல்ககால்கள் கரைக்கும் என்பதால் மறைவான இடத்தில் முதலில் சோதிக்கவும். தேக்கில் இயல்பாகவுள்ள எண்ணெய் பசையைத் தடுக்கும்.
3. பசைப் பகுதியை விரலால் தொடாமல் ஒட்டிச் சில வினாடிகள் அழுத்தவும்.
4. பசை முழு வலுவடைய ஒன்று முதல் மூன்று நாட்கள் ஆகும். அதுவரை கதவை மெதுவாக மூடவும். அக்ரிலிக் பசை, ரப்பர் பசையைவிட வெப்பத்தையும் ஒளியையும் நன்கு தாங்கும்.

பாதுகாப்பு

கழன்று விழும் சிறு தாங்கிகளைக் குழந்தைகள் விழுங்கி மூச்சுத்திணறல் ஏற்படலாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீடுகளில் தாழ்ந்த கதவுகளில் திருகாணியால் அல்லது துளையில் செருகிப் பொருத்தும் வகையே ஏற்றது. கண்ணாடியை உயர்த்தித் தாங்கிகளை மாற்றும்போது இருவர் சேர்ந்து செய்தல் வேண்டும். வெடிப்பு விட்ட, தட்டையான அல்லது கெட்டிப்பட்ட தாங்கி ஒன்றேயாயினும் அனைத்தையும் ஒருசேர மாற்றுதல் நன்று. இல்லையேல் புதிய தாங்கி உயரமாக நின்று எடையைத் தன்மேல் ஏற்கும்.

இவற்றையும் பார்க்கவும்

ரப்பர்
பாலியூரித்தேன்
வன்மையூட்டிய கண்ணாடி
தேரி
பெரியதாழை

பகுப்புகள்: அறைகலன்கள் | பொருளறிவியல் | வீட்டுப் பாதுகாப்பு