சத்திரத்து நள்ளிரவு மணி



நம் ஊரின் பெயரிலேயே ஒரு சத்திரம் இருக்கிறது. தைப்பூச நாள்களில் ஒட்டன்சத்திரம் வழியே பழனிக்கு நடந்து செல்லும் மக்கள் வெள்ளத்தை ஆண்டுதோறும் பார்க்கிறோம். ஆகஸ்ட் மாதக் கடைசியில் நம் பகுதியிலிருந்து வேளாங்கண்ணிக்குக் காவி உடை உடுத்திப் புறப்படுகிறவர்களையும் வழியனுப்பி வைக்கிறோம். திருச்சி, தஞ்சை வழியாக 250 கிலோமீட்டருக்கும் அதிகமான நடை. அப்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது: இரவில் தங்கும் இடத்தை முன்கூட்டியே பேசி வைப்பதா, அல்லது மாதாவை நம்பி நடந்து கிடைத்த இடத்தில் படுப்பதா?

முதியவர்களும் பெண்களும் பிள்ளைகளும் வருகிற பயணத்தில் இது சின்னக் கேள்வி அல்ல. பாதுகாப்பான கூரையும் கழிப்பறையும் கிடைக்குமா என்பது இதில் அடங்கியிருக்கிறது.

முன்பதிவு செய்வது விசுவாசக் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். நற்செய்தி அப்படிச் சொல்லவில்லை. எருசலேமுக்குப் புறப்பட்ட இயேசு, இடம் ஏற்பாடு செய்யச் சமாரியரின் ஊர் ஒன்றுக்குத் தூதர்களை முன்னே அனுப்பினார் (லூக்கா 9:52). அந்த ஊரார் ஏற்கவில்லை. சீடர்கள் சினம் கொண்டபோது அவர்களைக் கடிந்துகொண்டு வேறு ஊருக்குப் போனார். புனித பவுலும் சிறையிலிருந்தபடியே, தமக்குத் தங்கும் இடம் ஆயத்தம் செய்யுமாறு பிலமோனுக்கு எழுதினார். முன்னேற்பாடு தவறல்ல. அது கைகூடாதபோது கோபப்படுவதையே ஆண்டவர் கண்டிக்கிறார்.

நம் மண்ணின் வழக்கமும் இதுதான். குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடக்கும் நகரத்தார், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று வழிவழியாக வரையறுத்த ஊர்களின் வழியே வருகிறார்கள். எங்கே சாப்பாடு, எங்கே படுக்கை என்பது அவர்களுக்கு முன்பே தெரியும்.

ஆனால் யாரையும் தெரியாமல் தனியே வருகிறவருக்கு யார் இடம் கொடுப்பார்? அதற்காகத்தான் சத்திரங்கள் எழுந்தன. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகளோடு சத்திரங்களையும் அமைத்தார். மதுரை இரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் இன்றும் ஒரு சத்திரம் உண்டு.

தஞ்சையில் இன்னும் தெளிவான சான்று இருக்கிறது. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் நிர்வாகம் கும்பெனியாரிடம் போனது. சத்திரங்களின் மானியமும் போய்விடுமோ என்று கவலைப்பட்ட இரண்டாம் சரபோஜி மன்னர், 1801இல் தஞ்சையிலிருந்த ஆங்கிலேயப் பிரதிநிதிக்குக் கடிதம் எழுதினார். இராமேசுவரம் சாலையில் இருந்த சத்திரங்களில் என்ன நடக்கிறது என்பதை அதில் விவரித்தார். எல்லாச் சாதியாருக்கும் சோறு, குழந்தைகளுக்குப் பால், நோயுற்றவருக்கு மருத்துவரும் மருந்தும். சோறு வழங்குவது நள்ளிரவு வரை நீடிக்கும். அப்போது மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது உண்டா என்று கூவி அழைப்பார்கள். சாதி பார்த்து இடம் பிரித்த சத்திரங்கள் நம் நாட்டில் இருந்ததையும் நாம் மறக்கக் கூடாது. ஆயினும் அந்த நள்ளிரவு மணி, கடைசியாக வருகிறவருக்காக அடித்த மணி.

அப்படியானால் முன்பதிவே இல்லாமல் எல்லோருக்கும் திறந்து வைத்தால் போதுமா? ஸ்பெயின் நாட்டில் புனித யாக்கோபின் திருத்தலமான சந்தியாகோவுக்கு நடக்கும் பாதையில், கலீசியா மாநில அரசின் திருப்பயணியர் விடுதிகளில் முன்பதிவு கிடையாது. முந்தி வருபவருக்கே படுக்கை. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் படுக்கைக்காகவே விடியுமுன் எழுந்து ஓடுகிறவர்களும் உண்டு. கால் வீங்கி மெதுவாக நடக்கிறவரே அங்கே பிந்திப்போகிறார்.

ஆகவே நமக்குத் தேவையானது இரண்டும்தான். நடைப்பயணக் குழுவினரே, முன்கூட்டியே வழியிலுள்ள பங்குகளுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று சரியாகச் சொல்லுங்கள். வர முடியாவிட்டால் அதையும் சொல்லிவிடுங்கள். நீங்கள் வராத இடம் இன்னொருவருக்கு உதவும். உங்களுக்கென்று பேசிய கூடத்தில், சொல்லாமல் வந்து நிற்கும் ஒருவருக்கும் பாய் விரிக்க இடம் விடுங்கள்.

சாலையோரத்தில் வீடும் மண்டபமும் வைத்திருக்கும் நாம், பழனிக்குப் போகிறவரா வேளாங்கண்ணிக்குப் போகிறவரா என்று கேட்காமல் திண்ணையைத் திறந்து வைப்போம். பெத்லகேமில் மரியாவும் யோசேப்பும் விடுதியில் இடம் கிடைக்காமல் நின்றவர்களே. அன்று அவர்களுக்காக மணி அடிக்க யாரும் இல்லை. இன்று அதை அடிக்க வேண்டியவர்கள் நாம்.

தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட ஆண்டவரே, வழிநடப்பவர்களுக்குப் பாதுகாப்பான இரவைத் தாரும். எங்கள் கதவுகளைத் திறக்கும் மனதை எங்களுக்குத் தாரும். ஆமென்.