இட்லியும் இரகசியக் கேள்வியும்

"கடவுச்சொல் மறந்துவிட்டதா?" லாகின் பெட்டிக்குக் கீழே பொடி எழுத்துல இருக்கிற இந்த வரியை யாரும் சட்டை பண்றதில்லை. முன்வாசல்ல பெரிய பூட்டா தொங்க விட்டுட்டு, கொல்லைக் கதவை ஒருக்களிச்சு வச்ச கதை மக்களே இது.

முன்வாசலே திறந்து கிடந்த காலமும் உண்டு. சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4-ல் ஆரம்பிச்ச ஹாட்மெயிலை அடுத்த வருஷக் கடைசியில் மைக்ரோசாஃப்ட் வாங்கிடுச்சு. 1999 ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஓட்டை அம்பலமாச்சு. ஒருத்தரோட பயனர் பெயர் தெரிஞ்சா போதும், அவரோட பாஸ்வேர்டு தெரியாமலே மடல்களைப் படிக்கலாம்! கோடிக்கணக்கான கணக்குகள். சேவையைக் கொஞ்ச நேரம் நிறுத்திட்டு அடைச்சாங்க. அது கம்பெனி பண்ணின தப்பு, நம்ம கையில ஒண்ணும் இல்ல. விடுங்க.

எனக்கு உறுத்தறது 2008 செப்டம்பர்ல நடந்தது. அலாஸ்கா கவர்னர் சாரா பாலின் அப்போ குடியரசுக் கட்சியோட துணை ஜனாதிபதி வேட்பாளர். அரசாங்க சமாச்சாரத்தைத் தன்னோட சொந்த யாஹூ மடல்ல பேசறார்னு ஏற்கெனவே புகார். டென்னஸியில் ஒரு கல்லூரிப் பையன், வயசு 20, அதுக்குள்ள புகுந்துட்டான். பெரிய வித்தையெல்லாம் ஒண்ணும் கிடையாது. மறந்துடுச்சுன்னு சொன்னான், யாஹூ மூணு விஷயம் கேட்டது. பிறந்த தேதி: விக்கிபீடியாவுல இருக்கு. அஞ்சல் குறியீடு: வசில்லா சின்ன ஊர், எத்தனை இருந்துடப் போகுது? கணவரை எங்கே சந்திச்சீங்க: ரெண்டு பேரும் பள்ளிக்கூடக் காதலர்கள்னு தேர்தல் செய்திகள்லயே வந்தாச்சு. பள்ளிப் பேரை மாத்தி மாத்தி அடிச்சுப் பார்த்தான், திறந்துடுச்சு. முக்கால் மணி நேரம்தான் ஆச்சுன்னு அவனே எழுதினான். புதுசா வச்ச பாஸ்வேர்டு "பாப்கார்ன்" :-)

உள்ளே அரசியல் வெடிகுண்டு ஏதும் சிக்கலை. குடும்பப் படங்களும் மடல்களும்தான் ஊர் சிரிக்க வெளியே வந்தது. 2010-ல் வழக்கு நடந்தப்ப பாலின் கோர்ட்டுல சாட்சி சொன்னார். பையனுக்கு ஒரு வருஷம் ஒரு நாள் தண்டனை.

இந்தக் கேள்விகள்ல பிரபலமானது "தாயாரின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர்". வெள்ளைக்காரங்க ஊர்ல அது ஓரளவாவது மறைஞ்சிருக்கும். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, இனிஷியல்தான். அம்மாவுக்கு அது தாத்தா பேரு. கல்யாணப் பத்திரிகையை எடுத்தா சொந்தம் பூரா விடை சொல்லிடும்!

2015-ல் கூகுள்காரங்களே ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. பிடிச்ச உணவு என்னன்னு கேட்டா, ஆங்கிலம் பேசறவங்க விஷயத்துல ஒரே ஊகத்துல திருடன் ஜெயிக்க 19.7 சதவீதம் வாய்ப்பாம். (பீட்சாதான், வேறென்ன.) அதே ஆய்வுல, அமெரிக்காவில் ஆங்கிலம் பேசற பயனர்கள்ல 40 சதவீதம் பேருக்குத் தேவைப்பட்ட நேரத்துல சொந்த விடையே ஞாபகம் வரலை. திருடனுக்குத் திறக்குது, வீட்டுக்காரனுக்குத் திறக்கலை.

விடை யாருமே ஊகிக்க முடியாததா இருந்தாலும் தப்பிக்க முடியலை. 2013-ல் யாஹூவில் நடந்த திருட்டுல, கேள்வி பதில்களும் சேர்ந்து போச்சு. 2016-ல் நூறு கோடி கணக்குன்னாங்க, 2017-ல் முன்னூறு கோடின்னு திருத்தினாங்க, அதாவது அத்தனை பேரும். பாஸ்வேர்டையாவது மாத்தலாம், பொறந்த ஊரை எப்படிய்யா மாத்தறது? விடையில வேணும்னே பொய் எழுதி, அதை ஒரு நோட்டுல குறிச்சு வச்சவன்தான் கெட்டிக்காரன். ஜிமெயில் 2011 பிப்ரவரியில் எல்லாருக்கும் கொடுத்த ரெண்டாவது பூட்டு, அதாவது போனுக்கு வர்ற எண், ரொம்ப லேட்டா வந்த நல்ல காரியம்.

எனக்கு அது உதவலை. 2002-ல் நான் திறந்த மடல் பெட்டிக்கு நான் வச்ச கேள்வியும் பிடிச்ச உணவுதான். இட்லின்னு போட்ட ஞாபகம். 2009-ல் அப்பா போன பிறகு, பிரவுசிங் சென்டர்ல உட்கார்ந்து ஒத்தை விரல்ல தட்டி அவர் எனக்கு அனுப்பின மடல்களைத் தேடி அங்கே போனேன். பாஸ்வேர்டு மறந்தாச்சு. இட்லிக்குக் கடைசியில ஐ போட்டேன், ஒய் போட்டேன், ரெண்டு ஈ போட்டேன். மூணு தப்புக்கு ஒரு நாள் பூட்டு. ரெண்டு வாரம் இப்படியே போச்சு.

"நீ அப்பல்லாம் பூரிக்குத்தானேண்ணா அலைவே"ங்கறான் தம்பி. பூரியும் போட்டுப் பார்த்தேன்.