ஓய்வூதியமும் ஆண்டுத்தொகையும்: எதற்கு வரி உண்டு, கணக்கில் எங்கே காட்டுவது?

கொழிஞ்சாம்பாறை: பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ள கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஆகிய பகுதிகளில் பணி ஓய்வு பெற்றோருக்கு வருவாய் ஒரே வழியில் வருவதில்லை. கேரள அரசுப் பள்ளியில் பணியாற்றிக் கருவூலம் வழியாக ஓய்வூதியம் பெறுபவர், பொள்ளாச்சியிலோ கோவையிலோ வேலை பார்த்துத் தமிழக அரசின் ஓய்வூதியத்தை வங்கியில் பெறுபவர், ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திடம் மொத்தமாகப் பணம் செலுத்தி மாதந்தோறும் ஒரு தொகை பெறுபவர் என மூவரும் ஒரே தெருவில் வசிப்பது இங்கு இயல்பானது. கைக்கு வரும் பணத்தை மூவரும் 'பென்ஷன்' என்றே அழைக்கின்றனர். வருமான வரிச் சட்டம் அவ்வாறு பார்ப்பதில்லை.

வருமான வரி மத்திய அரசின் வரி என்பதால், எந்த மாநிலத்தில் பணியாற்றினார், எந்த மாநிலத்தில் வசிக்கிறார் என்பதால் வரி விகிதம் மாறாது. பணத்தை யார் தருகிறார், எதற்காகத் தருகிறார் என்பதே முதல் கேள்வி. முன்னாள் பணியமர்த்தியவரிடமிருந்து வரும் மாத ஓய்வூதியம், சட்டத்தின் பார்வையில் 'சம்பளம்' ஆகும். எனவே நிலையான கழிவு அதற்கு உண்டு. 2024-25 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் இக்கழிவு 75,000 ரூபாய். பழைய முறையில் 50,000 ரூபாய். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பின் 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் வரும் தொகையும் பொதுவாகச் சம்பளத் தலைப்பிலேயே காட்டப்படுகிறது. தேயிலைத் தோட்டங்களிலும் சிறு ஆலைகளிலும் பணியாற்றி, அத்திட்டத்தின் குறைந்தபட்சத் தொகையான மாதம் 1,000 ரூபாயை மட்டும் பெறுவோருக்கு இதனால் வரிச் சிக்கல் எதுவும் எழுவதில்லை.

ஆனுவிட்டி எனப்படும் ஆண்டுத்தொகையின் நிலை வேறு. காப்பீட்டு நிறுவனம் பணியமர்த்தியவர் அல்ல. ஆகவே அந்நிறுவனத்திடம் வாங்கிய திட்டத்திலிருந்து மாதந்தோறும் வரும் தொகை பொதுவாக 'பிற வருவாய்' என்ற தலைப்பின் கீழ் வருகிறது. நிலையான கழிவு அதற்குக் கிடைக்காது. பலர் தவறுவது இந்த இடத்தில்தான். அரசு ஓய்வூதியமும் ஆண்டுத்தொகையும் பெறும் ஒருவர் இரண்டையும் கூட்டிச் சம்பளப் பகுதியில் எழுதிவிட்டால், வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் உள்ள எண்களோடு கணக்கு ஒத்துப்போகாமல் போகக்கூடும்.

சொந்தப் பணம் திரும்பி வந்தாலும் வரி

ஒருவர் தம் சேமிப்பிலிருந்து 20 லட்சம் ரூபாயைச் செலுத்தி, மூலத்தொகை வாரிசுக்குத் திரும்பாத வகையில், ஆயுள் முழுவதும் ஆண்டுக்கு 1,70,000 ரூபாய் பெறும் திட்டத்தை வாங்குவதாகக் கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். அந்த 1,70,000 ரூபாயில் ஒரு பகுதி அவருடைய சொந்த மூலதனமே. ஆயினும் இந்தியச் சட்டத்தில் அதைப் பிரித்துக் கழிக்க வழி இல்லை. முழுத் தொகையும் அவ்வாண்டின் வருவாயாகச் சேர்க்கப்படுகிறது. அமெரிக்காவில் நிலைமை மாறானது. வரி செலுத்திய பணத்தில் வாங்கிய ஆண்டுத்தொகையில் மூலதனம் திரும்பும் விகிதம் கணக்கிடப்பட்டு, அப்பகுதிக்கு வரி நீக்கப்படுகிறது. செலுத்திய தொகை முழுவதும் திரும்பிய பின்னரே வருவது அனைத்துக்கும் வரி. அங்கிருக்கும் மகனோ மகளோ தொலைபேசியில் கூறும் விதி இங்கு பொருந்தாது என்பதற்காகவே இதைக் குறிப்பிட வேண்டியுள்ளது.

அதே 20 லட்சம் வங்கியின் நிரந்தர வைப்பில் இருந்தால் வட்டிக்கு மட்டுமே வரி; மூலதனம் அப்படியே நிற்கும். ஆயுள் முழுவதும் வருமானம் என்ற உறுதி வங்கி வைப்பில் இல்லை என்பது உண்மை. ஆனால் இரண்டையும் ஒப்பிடுவோர் வரிக்குப் பிந்தைய தொகையை வைத்தே ஒப்பிட வேண்டும். விற்பனைத் தாளில் அச்சிடப்படுவது வரிக்கு முந்தைய தொகை.

காப்பீட்டு நிறுவனங்களின் ஓய்வூதியத் திட்டங்களுக்குச் செலுத்திய தவணைக்கு 80சிசிசி பிரிவின் கீழ் முன்பு கழிவு பெற்றவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். திட்டத்தை இடையில் ஒப்படைத்துப் பணம் பெற்றால், அத்தொகை பெற்ற ஆண்டிலேயே வரிக்கு உட்படும். பத்துப் பதினைந்து ஆண்டுகளாகச் சேர்ந்த தொகை ஒரே ஆண்டின் வருவாயாக மாறிவிடுவதால், வழக்கமாக வரியே செலுத்தாத ஒருவர்கூட உயர்ந்த விகிதத்துக்குள் செல்ல நேரிடும்.

தேசிய ஓய்வூதியத் திட்டம்

மத்திய அரசுப் பணியில் 2004 ஜனவரி 1ஆம் தேதிக்குப் பிறகும், கேரள அரசுப் பணியில் 2013 ஏப்ரல் 1ஆம் தேதிக்குப் பிறகும் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதிய முறைக்குள் வருகின்றனர். தனியார் துறையினரும் சுயதொழில் செய்வோரும் விரும்பிச் சேரலாம். ஓய்வின்போது, சேர்ந்த நிதியில் 60 விழுக்காடு வரை மொத்தமாக எடுப்பதற்கு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(12ஏ) பிரிவு வரிவிலக்கு அளிக்கிறது. எஞ்சிய தொகையில் ஆண்டுத்தொகைத் திட்டம் வாங்கும்போது, வாங்கும் அந்த ஆண்டில் வரி இல்லை. பின்னர் மாதந்தோறும் வரும் தொகைக்கு வரி உண்டு. எடுத்துக்காட்டாக, 50 லட்சம் ரூபாய் நிதியில் 30 லட்சம் வரியின்றிக் கைக்கு வரும். 20 லட்சம் ஆண்டுத்தொகையாக மாறும். பணிக்காலத்தின் இடையில், விதிகள் அனுமதிக்கும் காரணங்களுக்காக எடுக்கும் தொகைக்கு, சந்தாதாரரின் சொந்தப் பங்களிப்பில் 25 விழுக்காடு வரை வரிவிலக்கு உள்ளது.

ஓய்வூதிய நிதி ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2025 டிசம்பரில் விதிகளைத் திருத்தியது. அரசுத் துறை சாராத சந்தாதாரர்கள், நிதி 12 லட்சம் ரூபாயைத் தாண்டும் நிலையில், 80 விழுக்காடு வரை மொத்தமாக எடுக்கவும், 20 விழுக்காட்டுக்கு மட்டும் ஆண்டுத்தொகை வாங்கவும் இத்திருத்தம் வழி செய்தது. எடுக்கலாம் என்ற அனுமதியையும் வரி இல்லை என்ற விலக்கையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது. 10(12ஏ) பிரிவு கூறுவது 60 விழுக்காடு மட்டுமே. 50 லட்சம் நிதியில் 40 லட்சத்தை எடுப்பவருக்கு 30 லட்சத்துக்கே அப்பிரிவின் பாதுகாப்பு உண்டு. மீதமுள்ள 10 லட்சம் வருவாயாகச் சேர்க்கப்பட்டால் என்ன ஆகும்? வட்டி, வாடகை ஆகியவற்றில் 6 லட்சம் ரூபாய் நிகர வருவாய் உள்ளவருக்குப் புதிய முறையில் வரி ஏதுமில்லை. அதே ஆண்டில் இந்த 10 லட்சம் சேர்ந்து 16 லட்சமானால் 1,20,000 ரூபாய் வரியும், 4 விழுக்காடு கூடுதல் தீர்வையாக 4,800 ரூபாயும் செலுத்த வேண்டியிருக்கும். எனவே படிவத்தில் 80 விழுக்காடு எனக் குறிப்பதற்கு முன்னர், அந்த ஆண்டுக்குப் பொருந்தும் விலக்கு வரம்பைப் பட்டயக் கணக்காளரிடம் உறுதி செய்துகொள்வது நலம்.

பழைய முறை ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாகப் பெறுவது, அதாவது கம்யூட்டேஷன், அரசு ஊழியர்களுக்கு முழுவதும் வரிவிலக்கு பெற்றது. தனியார் துறையினருக்குப் பணிக்கொடை கிடைத்திருந்தால் முழு மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும், கிடைக்காவிட்டால் பாதிக்கும் விலக்கு உண்டு.

குடும்ப ஓய்வூதியம்

ஓய்வூதியரின் மறைவுக்குப் பின் மனைவிக்கோ கணவருக்கோ வரும் குடும்ப ஓய்வூதியம் சம்பளமாகக் கருதப்படுவதில்லை. அது 'பிற வருவாய்'. 75,000 ரூபாய் கழிவு இதற்குப் பொருந்தாது. மாறாக, தொகையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது புதிய முறையில் கழிக்கப்படும். பழைய முறையில் உச்சவரம்பு 15,000 ரூபாய். மாதம் 30,000 ரூபாய் பெறும் ஒருவருக்கு ஆண்டு வருவாய் 3,60,000. கழிவு போக 3,35,000. வேறு வருவாய் இல்லையெனில் அவர் 4 லட்சம் வரம்புக்குள்ளேயே இருக்கிறார்.

வரி இல்லை, கணக்கு உண்டு

2025-26 நிதியாண்டில் புதிய முறையின்படி முதல் 4 லட்சம் ரூபாய்க்கு வரி இல்லை. 12 லட்சம் வரையிலான வருவாய்க்கு விதிக்கப்படும் வரி 87ஏ பிரிவின் கீழ் தள்ளுபடியாகிறது. இதனால் '12 லட்சம் வரை கணக்குத் தாக்கல் செய்யத் தேவையில்லை' என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது தவறு. தாக்கல் செய்யும் கடமை 4 லட்சத்தைத் தாண்டும்போதே தொடங்குகிறது. மாதம் 45,000 ரூபாய் ஓய்வூதியம் பெறும் ஓர் ஆசிரியரின் ஆண்டு வருவாய் 5,40,000. கழிவு போக 4,65,000. அவர் செலுத்த வேண்டிய வரி பூஜ்யம். ஆனால் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். கெடு தாண்டினால் 1,000 ரூபாய் தாமதக் கட்டணம். வருவாய் 5 லட்சத்தைத் தாண்டியவர்களுக்கு அது 5,000 ரூபாய்.

பழைய முறையில் 60 வயது நிறைந்தோருக்கு 3 லட்சமும், 80 வயது நிறைந்தோருக்கு 5 லட்சமும் வரம்பு. புதிய முறையில் வயது வேறுபாடு கிடையாது. தொழில் வருவாய் இல்லாதவர்கள் ஆண்டுதோறும் எந்த முறை எனத் தேர்வு செய்யலாம். எனினும், பழைய முறையை விரும்புவோர் கெடு முடிவதற்குள் தாக்கல் செய்தால் மட்டுமே அத்தேர்வு செல்லும்.

ஓய்வூதியமும் வட்டியும் மட்டும் உள்ள பெரும்பாலோருக்கு ஐடிஆர்-1 படிவம் போதும். சித்தூர் வட்டத்தில் இதற்கு ஒரு முக்கிய விதிவிலக்கு உண்டு. தென்னந்தோப்போ நெல்வயலோ வைத்திருக்கும் ஓய்வூதியருக்கு விவசாய வருவாய் 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐடிஆர்-1 செல்லாது, ஐடிஆர்-2 தேவை. விவசாய வருவாய்க்கு நேரடி வரி இல்லை என்றாலும், மற்ற வருவாய்க்கான வரி விகிதத்தைக் கணக்கிட அது சேர்க்கப்படுகிறது. நிகர வருவாய் 14 லட்சமும் தோப்பு வருமானம் 2 லட்சமும் உள்ளவருக்கு, தோப்பு இல்லாவிட்டால் வரி 90,000 ரூபாய். தோப்பைச் சேர்த்தால் 16 லட்சத்துக்கான 1,20,000 ரூபாயிலிருந்து 6 லட்சத்துக்கான 10,000 ரூபாய் கழிக்கப்பட்டு 1,10,000 ரூபாய் ஆகிறது. கூடுதல் தீர்வை தனி.

வரிப்பிடித்தம்

ஓய்வூதியத்தில் வங்கியோ கருவூலமோ வரி பிடித்தம் செய்து படிவம் 16 வழங்குகிறது. காப்பீட்டு நிறுவனம் ஆண்டுத்தொகையில் வரி பிடிக்கவில்லை என்றால், அத்தொகைக்கு வரி இல்லை என்று பொருள் கொள்ளலாகாது. நிறுவனம் தரும் ஆண்டுச் சான்றை வைத்துப் பெறுபவரே அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். வங்கி வட்டியில், 2025 ஏப்ரல் 1 முதல், மூத்த குடிமக்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை பிடித்தம் இல்லை. அதைத் தாண்டியும் மொத்த வருவாய்க்கு வரி இல்லாதவர்கள் படிவம் 15எச் அளித்து வந்தனர். தொழில் வருவாய் இல்லாத 60 வயது நிறைந்த உள்நாட்டுவாசிகளுக்கு முன்கூட்டிய வரி செலுத்தும் கடமையும் இல்லை. கணக்குத் தாக்கலின்போது மீதி வரியைச் செலுத்தினால் போதும்.

நிலுவை அகவிலை நிவாரணமோ ஊதியத் திருத்த நிலுவையோ ஒரே தவணையில் வரும் ஆண்டில் வரி உயர்ந்தால், 89ஆம் பிரிவின் கீழ் நிவாரணம் கோரலாம். அதற்கான படிவம் 10இ, கணக்குத் தாக்கலுக்கு முன்பே இணையத்தில் அளிக்கப்பட்டிருக்க வேண்டும்.

75 வயது நிறைந்து, ஓய்வூதியமும் அதே வங்கியில் கிடைக்கும் வட்டியும் மட்டுமே வருவாயாக உள்ளவர்கள், 194பி பிரிவின்படி படிவம் 12பிபிஏ மூலம் உறுதிமொழி அளித்தால், வங்கியே வரியைக் கணக்கிட்டுப் பிடித்துக்கொள்ளும். தனியே கணக்குத் தாக்கல் தேவையில்லை. காப்பீட்டு நிறுவன ஆண்டுத்தொகையோ தோப்பு வருமானமோ இருந்தால் இச்சலுகை இல்லை. சட்டம் குறிப்பிடுவது வங்கியை என்பதால், கருவூலக் கணக்கில் ஓய்வூதியம் பெறுவோருக்கும் இது பொருந்தாது. கருவூலத்திலிருந்து வங்கிக்கு மாற்ற விரும்புவோர், 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அளித்துள்ள உரிமையின்படி, மாநில அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' ஆகிய இரண்டுக்கும் மாற்றாக அதில் 'வரி ஆண்டு' என்ற ஒரே சொல் இடம்பெறுகிறது. பிரிவு எண்களும் மாறியுள்ளன. எனினும் 2025-26 நிதியாண்டின் வருவாய்க்கான கணக்கு பழைய சட்டத்தின்படியே தாக்கல் செய்யப்பட வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது.