கொவிட் நோயாளரின் நிலை மோசமடைவதைக் குருதியால் முன்னறிதல்: டெங்கு விடுதி முதல் பல்லேகம வரை

கொவிட்-19 தொற்றுடன் வைத்தியசாலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தேறி வீடு திரும்பினர். சிலருக்கோ காய்ச்சல் கண்ட ஏழாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையே மூச்சுத் திணறல் தொடங்கி, அடுத்த ஓரிரு நாட்களில் தீவிர சிகிச்சைப் பிரிவு தேவைப்பட்டது. அனுமதிக்கும் வேளையில் இரு சாராரும் ஒன்றுபோலவே இருந்தார்கள்: காய்ச்சல், வறட்டு இருமல், உடல் அலுப்பு. சிலர் குருதியில் ஒட்சிசன் குறைந்த பின்பும் இயல்பாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் எந்தப் பக்கம் போவார் என்பதை முன்னதாக அறிய 2020இல் உலகெங்கும் வைத்தியர்கள் குருதிப் பரிசோதனைகளை நாடினர். அவர்கள் கையிலெடுத்த சோதனைகளில் ஒன்றுகூடக் கொவிட்டுக்கென்று உருவானதல்ல.

நிமோனியாவின் பழைய சாட்சிகள்

அவற்றுள் மிகவும் பேசப்பட்டது சி.ஆர்.பி. எனும் புரதம். 1930இல் நியூயோர்க்கின் ரொக்பெல்லர் நிறுவனத்தில் வில்லியம் டில்லெட், தோமஸ் பிரான்சிஸ் ஆகிய இருவரும் நிமோனியா நோயாளரின் குருதிநீரை, அந்நோயை உண்டாக்கும் நிமோகொக்கசு பக்டீரியாவின் ‘சி’ பகுதிச் சர்க்கரைப் பொருளுடன் கலந்தபோது வெண்மையாகப் படிவு விழுந்தது. காய்ச்சல் தணிந்து நோயாளர் தேறியதும் அதே சோதனையில் படிவு விழவில்லை. நோயின் ஏற்ற இறக்கத்தைக் குருதி காட்டும் என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான தொடக்கம் கிடைப்பது அரிது. நுரையீரல் நோயில் கண்டறியப்பட்ட அந்தப் புரதம் ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து மற்றொரு நுரையீரல் நோய்க்கு அளவுகோலானது. ஈரல் இதைச் சுரக்கிறது. அழற்சி தொடங்கிய ஆறு மணி நேரத்திலேயே அளவு உயரத் தொடங்கி, இரண்டு நாட்களில் உச்சத்தைத் தொடும். தூண்டுதல் நின்றால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆகவே ஒருநாள் அளவைவிட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே பெரிது.

ஏனையவற்றின் வரலாறும் இவ்வாறே பழையது. இரும்பைச் சேமிக்கும் பெரிட்டின் 1937இல் குதிரையின் மண்ணீரலிலிருந்து பிரிக்கப்பட்டது. எல்.டி.எச். நொதியம் 1950களில் மாரடைப்பை அறியப் பயன்பட்டது. குருதிக்கட்டி கரையும்போது விழும் துணுக்கான டி-டைமரை அளக்கும் முறை 1980களில் வழக்குக்கு வந்தது. வெண்குழியங்களில் நியூட்ரோபில்லுக்கும் லிம்போசைட்டுக்கும் உள்ள விகிதம் உடலின் நெருக்கடியைக் காட்டும் என்று ஸ்லோவாக்கிய வைத்தியர் சகோரெக் 2001இல் எழுதினார். இந்த விகிதத்துக்குத் தனிச்சோதனை எதுவும் வேண்டாம். எப்.பி.சி. என்று விடுதிகளில் சொல்லப்படும் முழுக் குருதி எண்ணிக்கைத் தாளில் உள்ள இரண்டு எண்களை வகுத்தால் போதும்.

அங்கொடையும் டெங்கு அட்டவணையும்

இலங்கையின் முதல் கொவிட் நோயாளர் 2020 ஜனவரி 27ஆம் திகதி உறுதிப்படுத்தப்பட்டார். சீனாவிலிருந்து சுற்றுலா வந்த அப்பெண், பழைய பெயரில் ஐ.டி.எச். என்று இன்றும் அழைக்கப்படும் அங்கொடை தேசிய தொற்றுநோய் நிறுவனத்தில் சிகிச்சை பெற்றுப் பெப்ரவரியில் தேறிச் சென்றார். உள்நாட்டவருள் முதல் நோயாளர் மார்ச் 11ஆம் திகதியும் முதல் மரணம் மார்ச் 28ஆம் திகதியும் பதிவாயின.

குருதி எண்களை நாள்தோறும் எழுதி, அவற்றைக் கொண்டு அடுத்த நாளைக் கணிக்கும் பழக்கம் இந்நாட்டு விடுதிகளுக்குப் புதிதல்ல. டெங்கு அதைக் கற்றுக்கொடுத்திருந்தது. 2017இல் மட்டும் 1,86,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். காய்ச்சலின் மூன்றாம் நாளிலிருந்து எப்.பி.சி.; குருதிச் சிறுதட்டுகள் ஒரு இலட்சத்துக்குக் கீழ் இறங்கினால் ஆபத்துக் கட்டம் நெருங்குகிறது; செங்குழியச் செறிவு 20 சதவீதம் உயர்ந்தால் குருதிநாளங்களிலிருந்து திரவம் கசிகிறது; கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். கட்டில் தலைமாட்டில் தொங்கும் அட்டவணையில் தாதி இவற்றைக் குறிக்க, வைத்தியர் சேலைனின் அளவை மணிக்கு மணி மாற்றுவார். உலகில் பல நாடுகளின் பொது விடுதிகளில் காணக்கிடைக்காத கைப்பழக்கம் இது.

ஆயினும் இப்பழக்கம் கொவிட்டுக்கு அப்படியே பொருந்தவில்லை. இரு நோயிலும் காய்ச்சல் உண்டு. வெண்குழியமும் சிறுதட்டும் குறையலாம். 2020 தொடக்கத்தில் சிங்கப்பூரில் டெங்குச் சோதனை பிழையாக நேர்மறை காட்டிய இருவர் பின்னர் கொவிட் நோயாளர்கள் என்று தெரிந்தது. அதற்கும் மேலாக, டெங்குவில் கொட்டக்கொட்ட விழித்துப் பார்க்கவேண்டிய செங்குழியச் செறிவு கொவிட்டில் எதையும் முன்னறிவிப்பதில்லை. டெங்குத் தாளில் பலரும் கடந்துபோகும் லிம்போசைட் வரிதான் இங்கே முதலில் பார்க்கவேண்டியதாயிற்று. தாள் ஒன்றே, வாசிக்கும் வரி மாறியது.

வூஹான் தந்த எண்கள்

அந்த வரியைச் சுட்டிக்காட்டியவர்கள் வூஹான் வைத்தியர்கள். 2020 ஜனவரி 24ஆம் திகதி லான்செட் இதழில் வெளிவந்த முதல் அறிக்கையில் இருந்தவர்கள் 41 பேர் மட்டுமே; அவர்களில் 63 சதவீதத்தினருக்கு லிம்போசைட் குறைந்திருந்தது. மார்ச்சில் அதே இதழில் 191 நோயாளரைப் பற்றிய ஆய்வு வந்தது. அவர்களில் 54 பேர் இறந்திருந்தனர். அனுமதிக்கும்போது டி-டைமர் மில்லிலீற்றருக்கு ஒரு மைக்ரோகிராமைத் தாண்டியிருப்பது மரணத்துடன் வலுவாகத் தொடர்புற்றிருந்ததாக அது கூறியது. 183 பேரை ஆராய்ந்த இன்னொரு வூஹான் குழு, இறந்தவர்களில் 71.4 சதவீதத்தினருக்குக் குருதியுறைதல் முற்றாகக் குழம்பியிருந்ததையும், பிழைத்தவர்களில் அது 0.6 சதவீதத்தினருக்கே இருந்ததையும் காட்டியது. கொவிட் நுரையீரலோடு நிற்கும் நோயல்ல, குருதிநாளங்களின் நோயுமாகும் என்ற புரிதல் இங்கிருந்துதான் பரவியது. குருதியுறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி விடுதிகளில் வழக்கமானதும் இதனால்தான்.

பிறகு கணினி வந்தது. 2020 மே மாதம் நேச்சர் குழும இதழொன்றில் வூஹானின் 485 நோயாளரின் குருதித் தரவுகளைக் கொண்டு அமைத்த முன்கணிப்பு முறை வெளியானது. மூன்றே எண்கள்: எல்.டி.எச். 365, சி.ஆர்.பி. 41.2, லிம்போசைட் 14.7 சதவீதம். இவற்றைக் கொண்டு மரணத்தைப் பத்து நாட்களுக்கு மேல் முன்னதாக 90 சதவீதத்துக்கும் அதிகமான துல்லியத்துடன் சொல்லலாம் என்றார்கள். எளிமை பலரைக் கவர்ந்தது. ஆனால் நெதர்லாந்து, பிரான்ஸ், நியூயோர்க் ஆகிய இடங்களில் அதே எண்களைப் பொருத்திப் பார்த்தபோது அந்தத் துல்லியம் கிட்டவில்லை. ஒவ்வொரு நோயாளரிடமும் கடைசியாக எடுத்த குருதியை வைத்தே அம்முறை பயிற்றப்பட்டிருந்தது என்பது முக்கிய காரணம். இறப்பதற்குச் சற்று முன் எடுத்த குருதியைப் பார்த்து இறப்பைச் சொல்வது அவ்வளவு கடினமல்ல. அனுமதிக்கும் நாளில் சொல்வதுதான் வைத்தியருக்குத் தேவை.

இது தனிப்பட்ட ஒரு தவறு அன்று. பிரித்தானிய மருத்துவ இதழ் புதுப்பித்துக்கொண்டே வந்த ஆய்வுத் தொகுப்பு ஒரு கட்டத்தில் 232 முன்கணிப்பு முறைகளைச் சலித்துப் பார்த்தது. அவற்றில் நம்பிக்கை தரக்கூடியவை என்று அது பொறுக்கி எடுத்தவை இரண்டே.

எட்டுக் கேள்விகள்

அந்த இரண்டில் ஒன்று பிரித்தானியாவின் 4சி மரணக் கணிப்பு. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் 260 வைத்தியசாலைகளில் 35,463 நோயாளரைக் கொண்டு உருவாக்கி, வேறு 22,361 பேரிடம் சரிபார்த்து 2020 செப்டெம்பரில் வெளியிட்டார்கள். வயது, பால், உடன் இருக்கும் நாட்பட்ட நோய்களின் எண்ணிக்கை, மூச்சு வீதம், ஒட்சிசன் அளவு, உணர்வுநிலை, யூரியா, சி.ஆர்.பி. ஆகிய எட்டுக்கும் புள்ளி தந்து கூட்டினால் 0 முதல் 21 வரை வரும். 3 அல்லது அதற்குக் கீழ் பெற்றவர்களில் இறந்தோர் நூற்றுக்கு ஒருவர் அளவில். 15 அல்லது அதற்கு மேல் பெற்றவர்களில் நூற்றுக்கு 62 பேர்.

டி-டைமர், பெரிட்டின், அழற்சியைத் தூண்டும் புரதமான ஐ.எல்-6 என்று விலையுயர்ந்த சோதனைகள் பேசப்பட்ட அவ்வேளையில் இறுதியில் நிலைத்தவை மலிவான இரண்டு என்பது கவனிக்கத்தக்கது. அதிலும் யூரியா புதியதல்ல. நிமோனியா நோயாளரை வீட்டுக்கு அனுப்பலாமா, படுக்கையில் வைக்கலாமா என்று தீர்மானிக்க 2003இல் வந்த கர்ப்-65 அளவுகோலிலும் அது இருந்தது.

எண் சிகிச்சையானபோது

2021 தொடக்கம் வரை குருதி எண்கள் எச்சரிக்கையாகவே இருந்தன. அதன்பின் மருந்துக்கு வாசலாயின. பிரித்தானியாவின் ரிகவரி ஆய்வில் டொசிலிசுமாப் மருந்து பெறுவதற்கு ஒட்சிசன் 92 சதவீதத்துக்குக் கீழோ ஒட்சிசன் சிகிச்சையிலோ இருப்பதுடன், சி.ஆர்.பி. 75ஐ எட்டியிருக்கவும் வேண்டும். 4,116 பேரில் நடந்த அந்த ஆய்வில் மருந்து பெற்றவர்களில் 31 சதவீதத்தினரும் பெறாதவர்களில் 35 சதவீதத்தினரும் இறந்தனர். வேறுபாடு சிறிதாகத் தோன்றினாலும் உண்மையானது.

அதே காலத்தில் இந்தியாவில் எதிர்மாறான ஒன்று நடந்தது. 2021 ஏப்ரல், மே மாத இரண்டாம் அலையில் தனியார் ஆய்வுகூடங்கள் சி.ஆர்.பி., டி-டைமர், பெரிட்டின், ஐ.எல்-6 எல்லாவற்றையும் ஒரே பொதியாக விற்றன. லேசான காய்ச்சலுடன் வீட்டில் இருந்தவர்களும் எண்களைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டீராய்டு விழுங்கினர். லேசான நோய்க்கு இச்சோதனைகள் வேண்டாம் என்றும், உடலில் வேறெந்த அழற்சி இருந்தாலும் இவ்வளவுகள் உயரும் என்றும் டெல்லி எய்ம்ஸ் இயக்குநர் ரண்தீப் குலேரியா 2021 மே மாதத் தொடக்கத்தில் வெளிப்படையாக எச்சரிக்க நேர்ந்தது. அனுமதிக்கப்பட்ட மிதமான நோயாளருக்கு 48 முதல் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை சி.ஆர்.பி.யும் டி-டைமரும் பார்த்தால் போதும் என்பதே ஏப்ரல் மாத அரச வழிகாட்டி. வைத்தியசாலைக்குள் பயன்தரும் எண், வெளியே வந்ததும் கேடு செய்தது.

பல்லேகமவிலிருந்து பார்க்கையில்

இலங்கையில் டெல்டா அலை 2021 ஓகஸ்டில் உச்சம் கண்டது. நாளொன்றுக்கு 200க்கு மேற்பட்ட மரணங்கள் பதிவாயின. ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை நாடு முடக்கப்பட்டது. கொழும்பிலோ கண்டியிலோ உள்ள பெரிய போதனா வைத்தியசாலையில் டி-டைமர் பார்ப்பது ஒரு தாளில் கையொப்பமிடும் வேலை. மாத்தளை மாவட்டத்தின் கிழக்கோரத்தில் நக்கிள்ஸ் மலைகளுக்கு அப்பால் கிடக்கும் லக்கல-பல்லேகம பிரிவு வேறு உலகம். களு கங்கை நீர்த்தேக்கத்தால் பழைய நகரம் நீருக்குள் போய்ப் புதிய நகரம் எழுந்த இடம் அது. அங்கிருந்து மாத்தளைக்கான மலைப்பாதை இலுக்கும்புர, ரிவர்ஸ்டன், ரத்தோட்டை வழியாக வளைந்து வளைந்து போகிறது.

அத்தகைய பாதையில் ஒரு குருதிக் குழாய் பயணம் செய்வதாக வைத்துக்கொண்டால், எந்தச் சோதனை தாக்குப்பிடிக்கும் என்பது தெளிவாகும். டி-டைமருக்கான நீலமூடிக் குழாயில் ஒரு பங்கு சிட்ரேற் திரவத்துக்கு ஒன்பது பங்கு குருதி, கோடுவரை சரியாக நிரம்பியிருக்க வேண்டும்; சில மணி நேரத்துக்குள் பிரித்தெடுக்கவும் வேண்டும். எல்.டி.எச். இன்னும் சிக்கலானது. செங்குழியத்துக்குள் அந்த நொதியம் குருதிநீரில் இருப்பதைவிடப் பல மடங்கு உண்டு. குழாய் குலுங்கிச் சில குழியங்கள் உடைந்தால் நோயாளர் நலமாக இருக்க எண் மட்டும் எகிறும். வூஹான் முறையின் முதற் கேள்வியே எல்.டி.எச். 365ஐத் தாண்டியதா என்பது. யூரியாவும் சி.ஆர்.பி.யும் அப்படியல்ல. குருதிநீரைப் பிரித்துக் குளிரில் வைத்தால் இரண்டு மூன்று நாட்கள் கெடாது.

ஆனால் யூரியாவுக்கு இங்கே வேறொரு சிக்கல் உண்டு. அயலிலுள்ள வில்கமுவ, காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோயால் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று. 1990களில் வட மத்திய மாகாணத்தில் அடையாளம் காணப்பட்ட இந்நோயில், நாட்பட யூரியா கூடும். 63 வயது ஆண் விவசாயி ஒருவரை எடுத்துக்கொள்வோம்: நீரிழிவு உண்டு, மூச்சு நிமிடத்துக்கு 24, ஒட்சிசன் 90, நல்ல நினைவு, யூரியா 8, சி.ஆர்.பி. 110. 4சி கணக்கில் அவருக்கு 12 புள்ளி. அந்தப் படியில் இறப்பு நூற்றுக்கு 31. அவருக்கே பழைய சிறுநீரக நோயும் இருந்து, கொவிட்டுக்கு முன்பே யூரியா 16ஆக இருந்திருந்தால், யூரியாவுக்கு இரண்டு புள்ளியும் இன்னொரு நாட்பட்ட நோய்க்கு ஒரு புள்ளியும் கூடி 15. அவர் நூற்றுக்கு 62 பேர் இறந்த படிக்கு ஏறிவிடுகிறார். சிறுநீரக நோய் கொவிட்டில் உண்மையிலேயே ஆபத்தானது என்பதால் இந்த ஏற்றம் முழுவதும் பொய்யல்ல. என்றாலும் கொவிட் இன்று தாக்கிய சிறுநீரகத்தையும் பத்து ஆண்டுகளாகத் தளர்ந்த சிறுநீரகத்தையும் அந்த எண் பிரித்துக் காட்டாது. நோயாளரின் பழைய சிகிச்சை அட்டையில் உள்ள யூரியா அளவு மட்டுமே அதைச் சொல்லும். அடிக்கடி குருதி ஏற்றும் தலசீமியா நோயாளரின் பெரிட்டினுக்கும் இதே கதைதான்.

தடுப்பூசி போடுவதற்கு முந்திய பிரித்தானிய நோயாளரிடம் பிறந்த கணக்கு 4சி. இலங்கையில் தடுப்பூசி 2021 ஜனவரி 29இல் தொடங்கியது. அடுத்து வந்த ஒமிக்ரோனும் நோயின் கடுமையைக் குறைத்தது. ஆகவே அதன் சதவீதங்கள் இன்றைய நோயாளருக்குக் கூடுதலாகவே இருக்கும். ஆபத்து அதிகமானவரையும் குறைவானவரையும் வரிசைப்படுத்த அது இன்றும் உதவும்.

அந்த வரிசைக்கு ஆய்வுகூடம் எவ்வளவு தேவை என்பதையும் அதே அட்டவணை காட்டுகிறது. யூரியாவுக்கு அதிகபட்சம் மூன்று புள்ளி, சி.ஆர்.பி.க்கு இரண்டு. எஞ்சிய 16 புள்ளிகளையும் கணக்கிட ஒரு கைக்கடிகாரம், விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி, நோயாளரிடம் கேட்கும் நான்கைந்து கேள்விகள் ஆகியவையே போதும்.