பயிர்வழி மண் சீரமைப்பு: பட்டாசுப் பகுதிக் கரிசல் நிலம்

கன உலோகம் கலந்து கெட்ட மண்ணைச் செடி வளர்த்துச் சரிசெய்வது தாவரவழிச் சீரமைப்பு. கடுகு, சூரியகாந்தி, நெல், ஆமணக்கு போன்ற பயிர்களை இதற்குப் பயன்படுத்துவதில் ஒரு வசதி உண்டு. விதையும் சாகுபடி முறையும் உழவர் கையிலேயே இருக்கின்றன. வேர் உறிஞ்சிய உலோகம் தண்டுக்கும் இலைக்கும் ஏறினால், அறுவடையோடு அது நிலத்தை விட்டு வெளியேறும், இது பிரித்தெடுத்தல். வேரே அதைப் பிடித்துவைத்து, புழுதியோடும் மழைநீரோடும் பரவாமல் தடுத்தால், அது நிலைப்படுத்தல்.

விருதுநகர் மாவட்டத்து ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் பட்டாசு ஆலைகளும் மானாவாரிக் காடுகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. வாணவெடியின் நிறங்களைத் தருபவை உலோக உப்புகள். பச்சைக்குப் பேரியம் நைட்ரேட். தொழிலில் இதைப் பச்சை உப்பு என்பார்கள். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், நீலத்துக்குத் தாமிரம். காரீயம், பாதரசம், ஆர்சனிக், ஆன்டிமனி, லித்தியம் ஆகியவற்றைப் பட்டாசில் சேர்க்க உச்ச நீதிமன்றம் 2017 ஜூலையில் தடை விதித்தது. 2018 அக்டோபரில் பேரியம் உப்புகளும் தடைக்குள் வந்தன. தடை புதிதாகச் சேர்வதைத்தான் நிறுத்தும். உலோகம் மட்கிப் போவதில்லை. கழிவு மருந்தைக் கொட்டி எரித்த இடத்தில் அது பல தலைமுறைக்குத் தங்கிவிடும்.

அதைப் பயிரைக் கொண்டு எடுத்துவிட முடியுமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கரில் 20 செ.மீ. ஆழம் வரையுள்ள மேல்மண் ஏறத்தாழ 1,000 டன். அதில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் காரீயத்தைக் குறைக்க வேண்டுமென்றால், வெளியேற வேண்டியது 100 கிலோ. 4 டன் உலர்ந்த தட்டை தரும் பயிர், கிலோவுக்கு 100 மில்லிகிராம் வீதம் உறிஞ்சினாலும், ஒரு போகத்தில் 400 கிராம்தான் போகும். அப்படியானால் 250 போகம் தேவை.

காட்மியத்தின் கதை வேறு. அது மண்ணில் எளிதில் நகரும். ஜப்பானில் காட்மியம் படிந்த வயல்களில் சோகோகோகு என்ற இண்டிகா நெல்லை, நீரை வடித்துவிட்டு 2 ஆண்டு வளர்த்ததில், மண்ணின் காட்மியம் 38 சதவீதம் குறைந்தது. வயல் காய்ந்தால் காட்மியம் கரைந்து வேருக்கு எட்டும் என்பதை ஆய்வாளர்கள் சரியாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். அதே ஜப்பானில், 2011 ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பின் சீசியத்தை எடுக்கப் பெரும் நம்பிக்கையோடு விதைத்த சூரியகாந்தி, மண்ணில் இருந்ததில் ஏறத்தாழ 2,000-இல் ஒரு பங்கைத்தான் உறிஞ்சியது.

ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கரிசல் மண் சுண்ணாம்புச் சத்து மிகுந்த காரத்தன்மை கொண்டது. காரீயத்தையும் தாமிரத்தையும் அது இறுகப் பிடித்துக்கொள்ளும். பேரியமோ சல்பேட்டுடன் சேர்ந்தால் நீரில் கரையாத உப்பாகிவிடும். வேருக்குக் கிடைக்காததை எந்தப் பயிராலும் உறிஞ்ச முடியாது. ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளை ஊற்றிக் காரீயத்தைக் கரையவைத்தால் கடுகு நிறைய எடுக்கும் என்று 1990-களின் அமெரிக்க ஆய்வுகள் காட்டின. ஆனால் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசலில், கரைந்த காரீயம் முதல் மழையிலேயே ஆழத்துக்கு இறங்கிவிடும். கிணற்று நீரைப் பணயம் வைக்கும் இந்த வழி இங்கே வேண்டவே வேண்டாம். இந்த மண்ணுக்குப் பொருந்துவது நிலைப்படுத்தல்தான். வேரில் உலோகத்தைத் தேக்கும் வெட்டிவேர் அதற்கு நல்ல தேர்வு, தொடக்கத்தில் தண்ணீர் கொடுத்து வளர்க்க முடியுமானால்.

இத்தகைய நிலத்துக்கு ஏற்ற உண்ணாத பயிர் என்று பருத்தியைச் சொல்வது வழக்கம். ஆனால் இந்தப் பக்கத்தில் பருத்திக்கொட்டை மாட்டுத் தீவனம். பருத்திப்பாலாக மனிதர் வயிற்றுக்கும் போகிறது. மக்காச்சோளம் கோழித் தீவனமாகிறது. ஆமணக்கு எண்ணெய் சோப்புக்கும் மசகுக்கும் போவதால் ஓரளவு பாதுகாப்பு. அதன் புண்ணாக்கை மட்டும் எருவாக வேறு வயலில் போடக்கூடாது. தானாக முளைக்கும் சீமைக்கருவேலமும் தாமிரம், காட்மியம் இரண்டையும் உறிஞ்சக்கூடியது. அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கினால், தாமிரத்தில் பெரும்பங்கு கரியோடு போய், கடைசியில் அடுப்புச் சாம்பலில் சேரும்.

ஆகவே இத்தகைய நிலத்தின் அறுவடையை ஆடு மாடு தொடாமல் தனியே காயவைத்து, புகை வடிகட்டும் உலையில் எரித்து, சாம்பலைக் கும்மிடிப்பூண்டியில் உள்ளதைப் போன்ற அபாயக் கழிவுக் கிடங்கில் புதைக்க வேண்டும். இதற்கான போக்குவரத்துச் செலவையும் திட்டத்தின் முதல் நாளிலேயே கணக்கில் சேர்த்தாக வேண்டும்.